பூனையும் புழக்கடை மண்ணும்

"பூனையைப் பற்றி ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரையா?" என்று நண்பர்கள் நகைக்கலாம். அதிலும் பூனையின் சிறுநீரைப் பற்றி என்றால் சிலர் மூக்கைப் பொத்திக்கொள்ளவும் கூடும். ஆனால் விலங்கியல் பயிலும் மாணவன், தன் வீட்டில் கண்ணால் கண்டதை விட்டுவிட்டு ஏட்டில் உள்ளதை மட்டும் எழுதுவது முறையாகாது. ஒரு பூனை செய்த காரியத்துக்காக எங்கள் வீட்டில் ஒரு முதியவர் மூன்று வார காலம் பழி சுமந்தார். ஆகவேதான் இதை எழுதத் துணிந்தேன்.

நடந்தது என்ன?

எங்கள் ஊர் வல்லம் வடகால். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட தொழிற்பகுதியில் உள்ளது. சிப்காட் தொழிற்பூங்கா வந்தபின் வேலை தேடி வருவோர் தொகை பெருகிவிட்டது. பெண் தொழிலாளர் 18,720 பேர் தங்கும் குடியிருப்பு ஒன்று 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள் இங்கே திறக்கப்பட்டது என்றால் அத்தொகையை ஒருவாறு உணரலாம். இன்னும் எத்தனையோ பேர் ஊருக்குள் வாடகை அறை தேடுகின்றனர். ஆகவே இடம் உள்ளவர்கள் லைன் வீடு கட்டுகின்றனர். நாங்களும் சென்ற தை மாதம் புழக்கடையில் மூன்று அறைகள் கட்டினோம். மீந்த இடம் முழுவதும் சிமெண்டுத் தளம் போட்டோம். என் புத்தகச் செலவும் தேர்வுக் கட்டணமும் அந்த வாடகையில்தான் நடக்கின்றன.

மாசி மாதம் வீட்டுக் கூடத்தில் ஒரு நெடி கிளம்பிற்று. என் ஆயாவின் படுக்கை விரிப்பு காலை வேளைகளில் நனைந்திருந்தது. ஆயாவுக்கு எழுபத்தைந்து வயதுக்கு மேல் ஆகிறது. "வயசானா அப்படித்தான்" என்று அம்மா மெல்லிய குரலில் சொன்னது ஆயாவின் காதில் விழுந்துவிட்டது. ஆயா மறுத்துப் பேசவில்லை. தன்னையே ஐயுற்றார் போலும். பொழுது சாய்ந்தபின் ஒரு வாய் தண்ணீரும் குடிப்பதை நிறுத்திக்கொண்டார். இதை நாங்கள் ஒருவரும் கவனிக்கவில்லை.

ஒரு நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு நான் படிக்க எழுந்தேன். ஆயா வாசல் தெளிக்கப் போயிருந்தார். எங்கள் வெள்ளையன், மூன்று வயதுக் கடுவன் பூனை, அந்த விரிப்பை முன்காலால் பறித்து, குந்தி உட்கார்ந்து சிறுநீர் கழித்து, பின் மண்ணைத் தள்ளுவது போல விரிப்பின் ஓரத்தை இழுத்து மூடிற்று. உண்மை வெளிப்பட்டது. அப்பா கோபத்துடன், "சாக்கில் கட்டி ஒரகடம் தாண்டி விட்டுவிட்டு வருகிறேன்" என்றார். ஆயாதான் தடுத்தார். நான் பதினைந்து நாள் தவணை கேட்டேன். அந்தப் பதினைந்து நாளில் கற்றவையே இக்கட்டுரை.

முதற்கேள்வி: நோயா?

பூனையை ஓர் அட்டைப் பெட்டியில் வைத்து, அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு சென்றேன். மருத்துவர் மருந்து எழுதுவதற்கு முன் பல கேள்விகள் கேட்டார். நின்றுகொண்டு பீய்ச்சுகிறதா, குந்தியா? நாளுக்கு எத்தனை முறை? முக்குகிறதா? இரத்தம் கலந்து வருகிறதா? பின்னர் அடிவயிற்றைத் தடவிப் பார்த்தார்.

கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்கும் பூனையை முதலில் நோயாளியாகவே கருத வேண்டும் என்பது அவர் சொன்ன முதற்பாடம். சிறுநீர்ப்பை அழற்சி, சிறுநீரில் உண்டாகும் நுண்கற்கள், சிறுநீரக நோய், நீரிழிவு ஆகிய எதுவும் காரணமாகலாம். கழிக்கும்போது வலி கண்ட பூனை, அந்த வலிக்குக் காரணம் அந்த இடமே என்று எண்ணி வேறு இடம் தேடுகிறது.

ஆண் பூனைக்கு மற்றோர் ஆபத்தும் உண்டு. அதன் சிறுநீர்க்குழாய் மிகக் குறுகியது. மக்னீசியம் அம்மோனியம் பாஸ்பேட் முதலிய உப்புகளின் படிகங்களும் சளி போன்ற பொருளும் சேர்ந்து அதை அடைத்துவிடும். அப்போது கழிவும் பொட்டாசியமும் இரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பைக் குலைக்கின்றன. இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். ஆகவே கடுவன் பூனை அடிக்கடி குந்தி முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். வெள்ளையனுக்கு இவை எவையும் இல்லை.

இரண்டாம் கேள்வி: எல்லைக் குறியா?

சிறுநீர் கழித்தல் வேறு, சிறுநீரால் குறியிடுதல் வேறு. குறியிடும் பூனை நின்றபடி வாலை நிமிர்த்தி, வால் நுனி நடுங்க, சுவர் அல்லது கதவின் மீது சிறிதளவு பீய்ச்சும். கழிக்கும் பூனையோ குந்தி, சமதளத்தில், நிறையக் கழிக்கும்.

குறியிடும் சிறுநீரின் கடுநெடிக்கும் காரணம் உண்டு. பூனையின் சிறுநீரில் ஃபெலினின் என்னும் கந்தகம் கலந்த அமினோ அமிலம் இருக்கிறது. அது சிதையும்போது கந்தக நெடி எழுகிறது. விதை நீக்கப்படாத ஆண் பூனையில் இது மிகுதி. இது உண்டாவதற்குச் சிறுநீரிலுள்ள காக்சின் என்னும் புரதம் துணை செய்கிறது என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். விதை நீக்கும் அறுவை செய்தால் பத்துக் கடுவன்களில் ஒன்பது வரை குறியிடுதலை நிறுத்தவோ பெரிதும் குறைக்கவோ செய்யும். 1903-இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனையில் இவ்வறுவை செய்யப்படுகிறது. ஆனால் வெள்ளையன் குந்தித்தான் கழித்தது. எனவே இதுவும் காரணமன்று.

மூன்றாம் கேள்வி: இடம் பிடிக்கவில்லையா?

"வீட்டில் அண்மையில் ஏதேனும் மாறியதா?" என்று மருத்துவர் வினவினார். "ஒன்றும் இல்லை, சார்" என்றேன். அவர் அடுத்த கேள்விக்குப் போகாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் புழக்கடை என் நினைவுக்கு வந்தது. வெள்ளையன் மூன்று ஆண்டுகளாக முருங்கை மரத்தடி மண்ணில்தான் கழித்து மூடி வந்தது. அம்மண் இப்போது சிமெண்டுக்குக் கீழே இருக்கிறது. அப்பாலுள்ள காலி மனைகளுக்கும் வேலி போட்டாயிற்று. அங்கே தெருநாய்களும் உண்டு.

வீட்டுப் பூனையின் முன்னோர், வறண்ட நிலத்தில் வாழ்ந்த ஆப்பிரிக்கக் காட்டுப் பூனைகள். அதனால்தான் பூனை குறைந்த நீர் குடித்துச் செறிந்த சிறுநீரைக் கழிக்கிறது. நெகிழ்ந்த மண்ணைப் பறித்து, கழித்து, மூடும் இயல்பும் அதனோடு பிறந்ததே. மண் கிடைக்காவிட்டால் பறிப்பதற்கு இணக்கமாயும் ஈரத்தை உறிஞ்சுவதாயும் உள்ள வேறு பொருளைத் தேடும். கூடத்தில் அத்தகைய பொருள் ஆயாவின் பழம்புடவை விரிப்பு ஒன்றுதான். வஞ்சம் தீர்க்கப் பூனை இப்படிச் செய்கிறது என்பது நம் கற்பனை.

மேலை நாட்டிலும் இதே இடர் எழுந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1947-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஓர் அம்மையாரின் மணற்குவியல் உறைந்துவிட்டது. பூனைக்கு மணல் இல்லை. சாம்பலைப் போட்டால் வீடெங்கும் கரிய காலடித் தடம். அவர் எட்வர்டு லோ என்னும் அண்டை வீட்டாரிடம் மணல் கேட்டார். எட்வர்டு லோ, தொழிற்சாலைத் தரையில் சிந்தும் எண்ணெயை உறிஞ்ச விற்கப்பட்டு வந்த களிமண் குருணையைக் கொடுத்தார். பூனைக்கென்று பையில் விற்கும் மணல் வாணிகம் அதிலிருந்தே தொடங்கிற்று. அக்களிமண் நம் கடைகளில் முகப்பூச்சுக்கு விற்கும் முல்தானி மிட்டியின் இனமே. அங்கே குளிர் மண்ணைப் பறித்தது. இங்கே நாங்களே மூடினோம்.

நெடியைப் போக்குவது எப்படி?

பழைய நெடி இருக்கும்வரை பூனை அதே இடத்துக்குத் திரும்பும். அம்மா முதலில் பினாயில் ஊற்றினார். அடுத்து பிளீச்சிங் பவுடரைத் தூவினார். இரண்டும் தவறு.

சிறுநீரில் உள்ள யூரியாவைப் பாக்டீரியாக்களின் யூரியேஸ் என்னும் நொதி அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. பிளீச்சிங் பவுடர் அம்மோனியாவுடன் கலந்தால் குளோரமீன் என்னும் நச்சு வாயு பிறக்கும். அன்று அம்மாவின் கண் எரிந்து இருமல் வந்ததற்குக் காரணம் இதுவே. பினாயில்களுள் பல, பீனால் வகைப் பொருள்கள் அடங்கியவை. அவற்றைக் குளுக்குரோனிக் அமிலத்துடன் இணைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. காலில் ஒட்டியதை நக்கினால் நஞ்சாகும். நாம் தலைவலிக்கு விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையைக் கொல்லக்கூடும் என்பதற்கும் காரணம் இக்குறையே.

சரியான முறை எளிது. முதலில் பழந்துணியால் ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். பின்னர் நொதி கலந்த சலவைத்தூளைக் குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஊறவைத்துக் கழுவ வேண்டும். கொதிநீர் நொதியைக் கெடுத்துவிடும். அதன்பின் நல்ல நீரில் அலசி வெயிலில் காயவைக்க வேண்டும்.

தொட்டி அமைத்தல்

கடையில் விற்கும் மணல் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. இரண்டு பெரிய பிளாஸ்டிக் பேசின்கள் வாங்கினேன். ஒன்றில் மரத்தூளும் மற்றொன்றில் கட்டட வேலையில் மீந்த பூச்சு மணலைச் சலித்தும் நிரப்பினேன். நான்கு நாட்களாகியும் மரத்தூளைப் பூனை தொடவில்லை. மணலைப் பறித்துப் பார்த்தது, ஆனால் கழிக்கவில்லை. பேசினை அதன் சோற்றுத் தட்டின் பக்கத்தில் வைத்ததே என் பிழை. உண்ணும் இடத்தில் பூனை கழிக்காது. ஆகவே சோற்றுத் தட்டை ஆயாவின் படுக்கை மூலைக்கும், பேசின்களை மாடிப்படிக்குக் கீழே அமைதியான இடத்துக்கும் மாற்றினேன். முருங்கைத் தூரைச் சுற்றிச் சிமெண்டு படாமல் இருந்த மண்ணில் இரண்டு பிடி எடுத்து மணலில் கலந்தேன். மறுநாள் விடியலில் மணல் குவிந்திருந்தது. அந்த ஈர மணலைக் கண்டு நான் அடைந்த மகிழ்ச்சியைச் சொன்னால் நகைப்பீர்கள்.

நான் கற்ற விதிகளைத் தொகுத்துக் கூறுகிறேன். பேசின் பூனையின் உடல் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். எத்தனை பூனையோ, அதற்கு மேல் ஒரு தொட்டி வேண்டும். மணல் மூன்று விரல் ஆழமாவது இருக்கட்டும். நாள்தோறும் கழிவை அள்ள வேண்டும். நாற்றமுள்ள தொட்டியைப் பூனை வெறுக்கும். கழிவில் இருக்கக்கூடிய டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி தொற்றும் நிலையை அடைய ஒரு நாளாவது பிடிக்கும் என்பதாலும் அன்றாடம் அள்ளுதல் நலம். கருவுற்ற பெண்கள் இவ்வேலையைச் செய்தல் கூடாது. தண்ணீர்க் கிண்ணத்தைச் சோற்றுக்குச் சற்றுத் தள்ளி வைத்தால் பூனை கூடுதலாகக் குடிக்கும். அடிப்பதும் மூக்கை ஈரத்தில் தேய்ப்பதும் பயன் தரா. பூனை அஞ்சி மறைவிடம் தேடும், அச்சமே சிறுநீர்ப்பை அழற்சியையும் தூண்டும்.

முடிவு

பதினைந்து நாளில் முழு வெற்றி கிட்டியதாகச் சொல்ல மாட்டேன். இரண்டு முறை விரிப்பு மீண்டும் நனைந்தது. இரண்டு முறையும் முதல்நாள் நான் மணல் அள்ள மறந்திருந்தேன். பதினாறாம் நாள் அப்பா சாக்கை எடுக்கவில்லை. மீந்த பூச்சு மணலை அதில் கட்டி மாடிப்படி ஓரம் வைத்தார்.

ஆயாவுக்கு நான் இவற்றையெல்லாம் விளக்கினேன். "அப்போ நான் இல்லை, இல்லையா கண்ணு?" என்று ஒருமுறை கேட்டார். அன்றிரவு அம்மா ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து ஆயாவின் தலைமாட்டில் வைத்தார். ஒன்றும் பேசவில்லை. இன்றும் நாள்தோறும் வைக்கிறார்.

பூனை ஒரு நாளும் பேசப் போவதில்லை. பேசத் தெரிந்த மனிதரும் சில வேளை வாய் திறப்பதில்லை. என்ன மாறியது என்று கேட்ட அந்த மருத்துவரின் கேள்வியை, பழி சொல்லும் முன் நாமும் ஒருமுறை கேட்டுப் பார்ப்போமாக.