மார்பில் ஓர் எழுத்து

ஹெஸ்ரர் பிறின் என்னும் இளமங்கையை நாம் முதன்முதலிற் காண்பது பொஸ்ரன் நகரத்துச் சிறைவாயிலிலே. கையில் மூன்று மாதக் குழந்தை. மார்பில் செந்நிறத் துணியால் அமைந்த 'ஏ' என்னும் ஆங்கில எழுத்து. விபசாரி எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து அது. சந்தைத் திடலிலே ஊரே திரண்டு நிற்கின்றது. மூன்று மணி நேரம் தண்டனை மேடையில் நிற்றல் வேண்டும். பின்னர் வாழ்நாள் முழுவதும் அவ்வெழுத்தை அணிதல் வேண்டும். இதுவே தீர்ப்பு.

அவளோ தலை குனிந்தாளில்லை. இழிவின் சின்னமாக விதிக்கப்பட்ட எழுத்தைச் சுற்றிப் பொன்னிழையாற் பூவேலை செய்து, பெருமாட்டி ஒருத்தி அணிகலன் பூண்டு வருவதுபோல வருகின்றாள். கூடிநின்ற பெண்களுக்கு இது பொறுக்கவில்லை. நெற்றியிலே சூடு போட்டிருக்க வேண்டும் என்கிறாள் ஒருத்தி. கொன்றிருக்க வேண்டும் என்கிறாள் மற்றொருத்தி. தன் பிள்ளையைக் கையிற் பிடித்து நின்ற ஓர் இளந்தாய் மட்டுமே அவளுக்காக இரங்குகின்றாள். பெண்ணைப் பழிப்பதிற் பெண்களே முந்திக்கொள்ளும் இக்காட்சியைப் படிக்கும்போது, நம்மிற் பலருக்கு ஏதேனும் ஒரு கிணற்றடிப் பேச்சு நினைவுக்கு வராமற் போகாது.

'செந்நிற எழுத்து' எனத் தமிழிற் கூறத்தக்க இந்நாவலை நத்தானியேல் ஹோதோர்ண் 1850 ஆம் ஆண்டில் வெளியிட்டார். முதற் பதிப்பின் 2,500 பிரதிகளும் பத்து நாட்களில் விற்றுத் தீர்ந்தன. அவர் 1804 இற் பிறந்த ஊர் சேலம். தென்னிந்தியச் சேலமன்று, மசச்சூசெற்ஸ் மாநிலத்துத் துறைமுகப் பட்டினம். அவ்வூரிலே 1692 இல் சூனியக்காரர் என்று குற்றஞ்சாட்டப்பட்டோரை விசாரித்த நீதவான்களுள் ஒருவரான யோன் ஹாதோர்ண், நாவலாசிரியரின் மூதாதையர். முன்னோர் செய்த கொடுமையின் வெட்கம் பேரனை வாட்டியது. 1849 இல் ஆட்சி மாறியதால் அவர் சேலம் சுங்கச்சாவடியில் வகித்த பதவியை இழந்தார். அதே ஆண்டில் அன்னையையும் இழந்தார். அத்துயரிடையே எழுதப்பட்டதே இந்நூல். (நூலின் தொடக்கத்திலுள்ள நீண்ட சுங்கச்சாவடிக் கட்டுரையை, முதன்முறை படிப்போர் இறுதிக்கென ஒதுக்கி வைத்தாலும் குற்றமில்லை.)

கதை நிகழ்வது 1640 களில். மதத்தைத் தூய்மைப்படுத்தப் புறப்பட்டு இங்கிலாந்தை விட்டு வந்த பியூரித்தானியர், பாவத்தையும் குற்றத்தையும் வேறுபடுத்திப் பார்த்தாரில்லை. மசச்சூசெற்ஸ் குடியேற்றத்திலே பிறர்மனை சேர்தலுக்கு மரணமே தண்டனையாக விதிக்கப்பட்டிருந்தது; 1644 இல் மேரி லேதம் என்ற பெண்ணும் ஜேம்ஸ் பிரிட்டன் என்பவனும் அக்குற்றத்திற்காகத் தூக்கிலிடப்பட்டனர். அண்டையிலிருந்த பிளிமத் குடியேற்றம் 1658 இல், இரண்டு எழுத்துக்களை ஆடையிலே தைத்து அணியவேண்டுமென்று சட்டம் செய்தது. ஆதலால் ஹெஸ்ரரின் தண்டனை ஆசிரியரின் வெறுங் கற்பனையன்று.

குழந்தையின் தந்தை யார்? மேடையிலே கேட்கின்றனர், அவள் சொல்ல மறுக்கின்றாள். பெயரைச் சொல்லும்படி ஊரார் முன்னிலையில் அவளை வேண்டும் இளம் போதகர் ஆதர் டிம்ஸ்டேலே அந்தத் தந்தை! அவர் வாய் கேட்கின்றது; உள்ளமோ அவள் சொல்லிவிடுவாளோ என அஞ்சுகின்றது. ஏழாண்டுக் காலம் அவர் பீடத்திலேறிப் பாவத்தைப் பற்றிப் பிரசங்கிக்கின்றார். தாம் பாவி என்று பொதுப்படச் சொல்லச் சொல்ல, மக்கள் அவரை மேலும் புனிதராகப் போற்றுகின்றனர். இரவிலே தம்மைத்தாமே சவுக்கால் அடித்துக்கொள்கின்றார். வெளிப்பட்ட வெட்கம் ஹெஸ்ரரை உரமாக்குகின்றது; மறைத்த வெட்கம் அவரை அரித்துத் தின்கின்றது.

அவளோ ஊரின் ஓரத்திலே, கடலை அடுத்த சிறு குடிலில் ஊசியும் நூலுமாக வாழ்கின்றாள். ஆளுநரின் கழுத்துப்பட்டிக்கும், படைவீரரின் இடைக்கச்சைக்கும், குழந்தைகளின் தொப்பிக்கும், இறந்தோரின் ஆடைக்கும் அவள் கைவேலை வேண்டும். மணமகளின் வெண்முகத்திரைக்கு மட்டும் அவளை எவரும் அழைப்பதில்லை. அவளுடைய உழைப்பை ஏற்கும் ஊர், அவள் நிழலை ஏற்காது. எனினும் நோயுற்ற வீடுகளுக்கு அவள் அழையாமலே செல்கின்றாள். காலப்போக்கில் அவ்வெழுத்துக்கு 'ஆற்றலுடையாள்' என்று வேறு பொருள் கற்பிக்கத் தொடங்குகின்றனர். அச்சொல்லின் ஆங்கில முதலெழுத்தும் அதுவேயன்றோ.

மகள் பேர்ளை அவளிடமிருந்து பிரித்தெடுக்க ஆளுநர் முற்படும் இடம் நாம் பன்முறை படித்தது. முத்து எனப் பொருள்படும் பெயரை அவள் குழந்தைக்கு இட்டதே, தன் உடைமை யாவற்றையும் விலையாகக் கொடுத்துப் பெற்றமையால். அதுவரை பொறுத்திருந்தவள் அங்கே சீறுகின்றாள். டிம்ஸ்டேலை நோக்கி, தனக்காகப் பேசும்படி ஆணையிடுகின்றாள். அவரும் நடுங்கிய குரலிற் பேசுகின்றார். குழந்தை தாயிடமே தங்குகின்றது.

அவளை மாசற்ற தெய்வமாக்கிப் பேசுவோருடன் நமக்கு உடன்பாடில்லை. அவளுடைய முதிய கணவன், றொஜர் சில்லிங்வேர்த் என்ற பொய்ப்பெயருடன் அதே ஊருக்கு வருகின்றான். தான் யார் என்பதை வெளியிடக் கூடாதென்று சிறையிலே அவளிடம் வாக்கு வாங்குகின்றான். மருத்துவனாக டிம்ஸ்டேலின் வீட்டிலேயே குடியேறி, அவர் உள்ளத்தைத் துருவித் துருவி வதைக்கின்றான். அனைத்தையும் அறிந்தும் ஹெஸ்ரர் ஏழாண்டுகள் வாய் திறவாதிருந்தாள். மேடையில் அவள் காத்த மௌனம் வீரம், இம்மௌனம் பிழை. எங்கள் கணக்கில் அவள் செய்த பெருந்தவறு ஊரார் எழுத்துப் பொறித்த அத்தவறன்று, இதுவே. பின்னர் காட்டிலே டிம்ஸ்டேலைச் சந்தித்து அதனை அவளே ஒப்புக்கொண்டு மன்னிப்பு வேண்டுகின்றாள். அங்குதான் எழுத்தைக் கழற்றி எறிந்து கூந்தலை அவிழ்க்கின்றாள். குழந்தையோ, எழுத்தில்லாத தாயைத் தாயென ஏற்க மறுத்துக் காலை உதைத்து அலறுகின்றது. அவள் அதனை மீண்டும் எடுத்து அணிகின்றாள்.

கப்பலேறித் தப்பும் திட்டம் கைகூடவில்லை. டிம்ஸ்டேல் பட்டப்பகலில் அதே மேடையிலேறி உண்மையை உரைத்து, அவள் மடியிலே உயிர் விடுகின்றார். அவள் மகளுடன் கடல் கடந்து செல்கின்றாள். பல ஆண்டுகளின் பின் தனியே திரும்பி வந்து, எவரும் கட்டாயப்படுத்தாமலே அவ்வெழுத்தைப் பூணுகின்றாள். மனமுடைந்த பெண்கள் அறிவுரை நாடி அக்குடிலுக்கு வருகின்றனர். ஆண் பெண் உறவைப் புதிய அடித்தளத்தில் அமைக்கும் காலம் வரும் என்று அவர்களுக்குச் சொல்கின்றாள். ஆனால் அதனை அறிவிக்கத் தான் தகுதியற்றவள் எனவும் கருதுகின்றாள். இவ்விடத்தில் ஆசிரியர் சற்றே பின்வாங்கிவிட்டார் என்பது எமது துணிபு. அத்தகுதி அவளுக்கில்லையேல் அந்நூலில் வேறு யாருக்கு உண்டு?

இறந்தபின் அவளை டிம்ஸ்டேலின் புதைகுழிக்கு அருகே அடக்கம் செய்தனர். இரண்டு குழிகளுக்கும் கல் ஒன்றே. ஆயினும் இடையிலே ஓர் இடைவெளி. அதை விட்டவர் ஊராரா, ஆசிரியரா என்பது நமக்கு இன்னும் விளங்கவில்லை.