வேலியே பயிரை மேயும் விந்தை

மூச்சு உள்ளவரைதான் வாழ்வு என்பதை அறியாதார் இலர். ஆயினும் அம்மூச்சு நிகழும் இடத்தின் அமைப்பை அறிந்தோர் சிலரே. 13-ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் மருத்துவப் பணியாற்றிய பேரறிஞர் இப்னு நஃபீஸ், இதயத்தின் வலப்பக்கக் குருதி நுரையீரலுக்குச் சென்று, அங்கே காற்றுடன் கலந்த பின்னரே இடப்பக்கத்தை அடைகிறது என்று எழுதினார். குருதியும் காற்றும் சந்திக்கும் அவ்விடம் நுண்ணிய காற்றுப்பைகளால் ஆனது. அவை 30 கோடிக்கும் மேற்பட்டவை. புகைப்பழக்கம் இப்பைகளை எவ்வாறு அழிக்கிறது என்பதை ஈண்டுக் காண்போம்.

புகையின் நஞ்சு நுரையீரலை நேரே அரித்துவிடுகிறது என்றே பலரும் எண்ணுகின்றோம். அது பாதி உண்மையே. அவ்வழிவில் பெரும்பங்கு, நம்மைக் காக்கவென்றே அமைந்த நோய் எதிர்ப்பு அணுக்களுக்கு உண்டு.

காற்றுப்பைகளின் உட்சுவரில் விழுங்கணுக்கள் காவல் புரிகின்றன. மூச்சுடன் நுழையும் தூசியையும் கிருமியையும் விழுங்கிச் செரிப்பதே அவற்றின் தொழில். இவ்வகை அணுக்களின் காவற்பணியை 1882-இல் இத்தாலியின் மெசினா நகரில் கண்டறிந்தவர் ரஷ்ய அறிஞர் மெட்ச்னிகாஃப். 1908-இல் அவருக்கு நோபல் பரிசு கிட்டிற்று.

புகைப்பவரின் நுரையீரலில் இக்காவலருக்கு ஓய்வே இல்லை. அவற்றின் எண்ணிக்கை பன்மடங்காகப் பெருகுகிறது. புகைத்துகளை விழுங்கி விழுங்கி அவை பழுப்பு நிறம் கொள்கின்றன. பின்னர் வேதிச் செய்திகளை அனுப்பிக் குருதியிலிருந்து நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்களைத் துணைக்கு அழைக்கின்றன. வந்த அணுக்கள் எலாஸ்டேஸ் என்னும் நொதியை உமிழ்கின்றன. கிருமியைக் கொல்ல உதவும் அந்நொதி, காற்றுப்பைச் சுவரை ரப்பர் போல விரிந்து சுருங்கச் செய்யும் எலாஸ்டின் நார்களையும் அறுத்துவிடுகிறது. கொலையாளி 'டி' அணுக்களும் அங்கே திரண்டு சுவரின் உயிரணுக்களைத் தாக்குகின்றன. வேலியே பயிரை மேய்ந்த கதை இதுவன்றோ!

இந்நொதிக்குக் கடிவாளம் இல்லாமல் இல்லை. கல்லீரல் உண்டாக்கும் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்னும் புரதமே அது. 1963-இல் சுவீடனைச் சேர்ந்த லாரெல், எரிக்சன் என்னும் இருவர், இப்புரதம் குறைந்த ஐவரைப் பற்றி எழுதினர். அவர்களுள் மூவருக்குக் காற்றுப்பைகள் சிதையும் எம்பிசீமா நோய் இருந்தது. கடிவாளம் தளர்ந்தால் காவலரே கேடு செய்வர் என்பது அதனால் விளங்கிற்று. பிறவியில் அப்புரதம் குறையாதவரிடத்தும், புகையிலுள்ள வேதிப்பொருள்கள் அதன் ஆற்றலைக் குன்றச் செய்கின்றன.

1997-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று இதற்கு மேலும் வலுவூட்டிற்று. விழுங்கணுக்கள் சுரக்கும் மற்றோர் எலாஸ்டேஸ் நொதி இல்லாத எலிகளை நெடுநாள் சிகரெட் புகையில் வைத்தனர். அவற்றுக்கு எம்பிசீமா தோன்றவில்லை. அந்நொதி உடைய எலிகளுக்கோ தோன்றிற்று. புகை இரண்டிற்கும் ஒன்றே. வேறுபட்டது காவலரின் ஆயுதம்!

சுவர்கள் அழிந்தால் பல சிறு பைகள் ஒன்றாகிப் பெரும்பையாகும். காற்றைக் குருதிக்கு வழங்கும் பரப்புச் சுருங்கும். உள்ளிழுத்த காற்று வெளியேறாது தேங்கும். மாடிப்படி ஏறுவதும், பின்னர் நாலடி நடப்பதும் அரிதாகும். இந்நோயை உள்ளடக்கிய நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயால் 2019-இல் மட்டும் உலகில் 30 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர் என உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. அடுப்புப் புகை முதலியனவும் இந்நோய்க்குக் காரணமாகும். எனினும் புகையிலையே முதன்மையானது. பீடி இதற்கு விலக்கன்று.

சிதைந்த காற்றுப்பைகளை மீட்டுத் தரும் மருந்து இன்றளவும் இல்லை. புகைப்பதை நிறுத்திய பின்னும் அழற்சி சிலரிடம் நீடிக்கிறது. அங்ஙனமாயின் நிறுத்துவதால் பயன் யாது? லண்டன் நகரப் பணியாளர்களை எட்டாண்டுகள் தொடர்ந்து ஆய்ந்து, ஃபிளெச்சர், பீட்டோ என்போர் 1977-இல் விடை தந்தனர். இழந்த மூச்சாற்றல் திரும்புவதில்லை. ஆனால் நிறுத்தியவரிடம் அது குறையும் வேகம், புகைக்காதவரின் அளவிற்குத் தணிகிறது. எனவே எவ்வகவையில் நிறுத்தினும் எஞ்சியதைக் காக்கலாம். இளமையில் நிறுத்தினால் எஞ்சுவது மிகுதி.

உடல் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதனைக் காக்க அவன் நிறுத்திய காவலரை அதற்கே பகைவராக்குதல் முறையாகுமா? முதற் சிகரெட்டைக் கையிலெடுக்கும் மாணவரும், பல்லாண்டாகப் புகைத்து வரும் பெரியோரும் இவ்வினாவைத் தமக்குள் கேட்டுக்கொள்ளல் வேண்டும். கேட்ட அன்றே புகையைக் கைவிடுதல் அதற்குத் தக்க விடையாகும்.