செம்மரமும் டி.என்.ஏ. வரிசையும்: ஆய்வு வெளியீட்டின் பொறுப்பு

சித்தூர், திருப்பதி, கடப்பைப் பகுதிகளில் பரவியுள்ள சேஷாசல மலைக்காடுகள் செம்மரத்தின் இயற்கை வாழிடமாகும். கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கே உரிய இம்மரம், 1995ஆம் ஆண்டு முதல் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. எனினும் கடத்தல் ஓயவில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று இக்காட்டில் காவல்துறையினர் சுட்டதில் தமிழகத் தொழிலாளர் 20 பேர் உயிரிழந்தனர்.

பிடிபட்ட கட்டை எம்மரத்தினது என்பதை நிறுவ வேண்டியபொழுது இடர்ப்பாடு தோன்றுகிறது. கட்டையில் இலையுமில்லை, பூவுமில்லை. செம்மரத்தின் பேரினத்தைச் சேர்ந்த வேங்கையும் இக்காடுகளில் வளர்கிறது. இந்நிலையில் உயிரணுவினுள் உள்ள டி.என்.ஏ. துணைபுரிகிறது. ஆய்வு எவ்வாறு நிகழ்கிறது, அதன் வெளியீட்டில் பின்பற்ற வேண்டிய நெறி யாது என்பனவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

உயிரணுவில் இரு அமிலங்கள்

தாவர உயிரணுவில் டி.என்.ஏ. உட்கருவில் மட்டுமன்றி, இழைமணியிலும் பசுங்கணிகத்திலும் உள்ளது. அடினைன், குவானைன், சைட்டோசைன், தைமின் என்னும் நான்கு காரங்களின் வரிசையே அது தாங்கும் செய்தி. அச்செய்தி ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்பட்டுப் புரதம் உருவாகிறது. ஆர்.என்.ஏ.வில் தைமினுக்கு மாற்றாக யுராசில் அமைகிறது. ஆர்.என்.ஏ. விரைவில் சிதைவது, ஆதலின் வெட்டுண்ட கட்டையை இனங்காண டி.என்.ஏ.வே ஏற்றது. வைரக்கட்டையின் உயிரணுக்கள் இறந்தவை என்பதால் அங்கு டி.என்.ஏ.வும் துண்டு துண்டாகவே கிடைக்கும். அத்துண்டுகளைப் பலமடங்கு பெருக்கிய பின்னரே வரிசையைப் படிக்க இயலும்.

2009இல் தாவர இனங்காணலுக்கு ஆர்.பி.சி.எல்., மேட்-கே என்னும் பசுங்கணிக மரபணுக்கள் இரண்டு பொது அடையாளங்களாகப் பரிந்துரைக்கப்பட்டன. முன்னது மெல்ல மாறுவது. பின்னது சற்று விரைந்து மாறுவது. நெருங்கிய இனங்களைப் பிரித்தறிய உட்கருப் பகுதிகளும் தேவைப்படலாம்.

வெளியீட்டு நெறி

கண்டறிந்த வரிசையைப் பொதுத் தரவகத்தில் சேர்த்து, அதன் பதிவெண்ணைக் கட்டுரையில் தருதல் ஆய்விதழ்களின் பொதுநெறி. 1982இல் அமெரிக்காவில் தொடங்கப்பெற்ற ஜென்பேங்க், ஐரோப்பிய, சப்பானியத் தரவகங்களுடன் தரவுகளைப் பரிமாறிக்கொள்கிறது. இந்தியாவில் 2022இல் பரிதாபாத்தில் இந்திய உயிரியல் தரவு மையம் தொடங்கப்பெற்றது.

பதிவெண் மட்டும் போதாது. வரிசை பெறப்பட்ட மரத்தின் கிளையை உலர்த்தித் தாவரக் காப்பகத்தில் சான்று மாதிரியாக வைத்தல் இன்றியமையாதது. வேங்கையின் வரிசை செம்மரத்தின் பெயரால் பதிவாகிவிடின், அதனை ஒப்பிட்டுப் பெறும் முடிவுகளும் பிழைபடும். சான்று மாதிரி இருப்பின் அப்பிழையைத் திருத்தலாம்.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. இவ்வடையாளங்கள் மரத்தின் இனத்தைக் காட்டுமேயன்றி, அது காட்டில் வெட்டப்பட்டதா, தோட்டத்தில் வளர்க்கப்பட்டதா என்பதைக் காட்டா. இவ்வெல்லையையும் வெளியீட்டில் குறித்தல் வேண்டும். ஆய்வுமுடிவு ஒருவரின் குற்றத்தை முடிவுசெய்யத் துணையாகும் இடத்தில், சொல்லாமல் விட்டதும் பிழையே ஆகும்.