தலை திருப்பும் காற்றாலை!
மோட்டாருக்கு உத்தரவு போடுவது யார்?

நாகர்கோவிலில் இருந்து திருநெல்வேலிக்குப் போகிறவர்கள் ஆரல்வாய்மொழி கணவாயைக் கடக்க வேண்டும். கணவாய் அருகே முப்பந்தல். அங்கே எங்கு பார்த்தாலும் காற்றாலைகள்!

ஆனி, ஆடியில் மலை இடுக்கு வழியாக மேற்குக் காற்று சீறி வரும். மார்கழியில் வடகிழக்குக் காற்று. திசை மாறினால் காற்றாலை என்ன செய்யும்?

தலையைத் திருப்பிக்கொள்ளும்!

பல் சக்கரம்

கோபுரத்தின் உச்சியில் ஒரு பெரிய பல் சக்கரம் இருக்கிறது. மின்சார மோட்டார்கள் அதைப் பற்றிக்கொண்டு, பல டன் எடையுள்ள தலையை மெல்லத் திருப்புகின்றன.

"திரும்பு", "நில்" என்று மோட்டாருக்கு உத்தரவு போடுவது ஒரு மின்னணுக் கருவி. அதன் பெயர் கன்ட்ரோலர். காற்றின் திசையை அதற்குச் சொல்ல, உச்சியில் ஒரு திசைகாட்டி உண்டு.

அவசரப்படாது

காற்று நொடிக்கு ஒரு பக்கம் அடிக்கும். அதற்கெல்லாம் தலையை ஆட்டினால் பற்கள் தேய்ந்துவிடும். ஆகவே கன்ட்ரோலர் பொறுத்துப் பார்க்கும். காற்று உண்மையாகவே திசை மாறிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் மோட்டாரை ஓட்டும்.

எவ்வளவு நேரம் பொறுப்பது? அதிகம் பொறுத்தால் மின்சாரம் நஷ்டம். அவசரப்பட்டால் எந்திரம் நஷ்டம். இந்தக் கணக்கைப் போடுவதுதான் கருவியை வடிவமைக்கும் என்ஜினீயரின் வேலை.

தலை ஒரே பக்கமாகச் சுற்றினால் உள்ளே தொங்கும் மின்கம்பி முறுக்கிக்கொள்ளும். சுற்றுகளை எண்ணி வைத்து, எதிர்ப்பக்கம் சுற்றி, முறுக்கை அவிழ்ப்பதும் கன்ட்ரோலரே!

மின்சாரம் நின்றால்?

2017 நவம்பர் 30-ந் தேதி வந்த ஒக்கி புயலை குமரி மாவட்ட மக்கள் மறக்க முடியாது. காற்று மணிக்கு சுமார் 90 கிலோ மீட்டரை எட்டினால் பெரும்பாலான காற்றாலைகள் சுற்றுவதை நிறுத்திவிடும்.

புதிய காற்றாலைகள் பலவற்றில் ஒவ்வொரு இறக்கைக்கும் ஒரு மோட்டார் உண்டு. அது இறக்கையைத் திருப்பி, காற்றை வழுக்கிப் போகச் செய்யும்.

அந்த நேரத்தில் மின்சாரம் நின்றுவிட்டால்? இறக்கைகள் வெறிபிடித்ததுபோல் சுற்றும். முறிந்தும் விழலாம். கீழே இருப்பவர் கதி?

அதற்காகவே உச்சியில் பாட்டரி வைத்திருக்கிறார்கள். வெளி மின்சாரம் நின்றாலும், பாட்டரி பலத்தில் மோட்டார் ஓடி இறக்கையைத் திருப்பிவிடும். மோட்டாரை ஓட வைப்பதைவிட, ஆபத்தில் எந்திரத்தை நிறுத்தச் செய்வதே வடிவமைப்பவருக்குப் பெரிய சோதனை.

முப்பந்தல் பக்கம் போகும்போது, ஒரு காற்றாலை மட்டும் சுற்றாமல் நின்றால், "பழுது" என்று உடனே முடிவுகட்டிவிடாதீர்கள். அது கம்பி முறுக்கை அவிழ்த்துக்கொண்டிருக்கலாம்!