பன்றியின் மூக்கில் எத்தனை பாஸ்டுரெல்லா?

மழைக்காலம் நெருங்கினால் காஞ்சிபுரம் மாவட்டத்தின் மாகறல், உத்திரமேரூர் வட்டாரத்தில் மாடு வைத்திருப்போர் தொண்டை அடைப்பான் தடுப்பூசியைத் தேடுவார்கள். தொண்டை வீங்கி, மூச்சு முட்டி, ஓரிரு நாளில் மாட்டைச் சாய்த்துவிடும் அந்த நோய்க்குக் காரணம் பாஸ்டுரெல்லா மல்ட்டோசிடா என்ற பாக்டீரியா. பண்ணைப் பன்றிகளை இருமவைத்து நுரையீரலைக் கெட்டிப்படுத்தும் கிருமிகளில் ஒன்றும் இதே பெயருடையதுதான். அப்படியானால் மாட்டுக்குப் போடும் ஊசி பன்றியையும் காக்குமா? அதற்கு விடை கிருமியின் மரபணுவில் இருக்கிறது.

சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் இந்தக் கிருமியின் இரு முனைகளும் அடர்ந்து, நடுப்பகுதி வெளிறி, சட்டை ஊக்கு போலத் தெரியும். எந்த வகையானாலும் இதே தோற்றம்தான். வேறுபாடு மேலுறையில் இருக்கிறது. அதை வைத்து ஏ, பி, டி, இ, எஃப் என ஐந்து வகைகளாகப் பிரிக்கிறார்கள். மாட்டுத் தொண்டை அடைப்பானுக்கு இந்தியாவில் காரணம் பி வகை. பன்றியின் நுரையீரலில் உலகெங்கும் அதிகம் கிடைப்பது ஏ வகை. அதன் உறை ஹையலூரானிக் அமிலத்தால் ஆனது. விலங்கின் மூட்டிலும் தோலிலும் இயல்பாகவே உள்ள பொருள் இது என்பதால், உடலின் காவல் அணுக்கள் கிருமியை அந்நியன் என்று எளிதில் அடையாளம் காண்பதில்லை. டி வகையில் சில, மூக்கெலும்பை அரிக்கும் நஞ்சைச் சுரக்கின்றன. நோய் முற்றினால் பன்றியின் மூக்கே கோணிப்போகும். அந்த நஞ்சுக்கான மரபணு, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ் ஒன்று கொண்டுவந்து சேர்த்தது.

இந்தியப் பன்றிகளில் ஏ, பி, டி மூன்றுமே கண்டறியப்பட்டுள்ளன. உறை ஒன்றாக இருந்தாலும் உள்ளே வேறுபாடு உண்டு. 2001இல் கோழியிலிருந்து எடுத்த ஒரு பாஸ்டுரெல்லாவின் முழு மரபணுத் தொகுதியைப் படித்தார்கள்: சுமார் 22.5 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள், ஏறக்குறைய 2,000 மரபணுக்கள். இப்போது ஏழு அடிப்படை மரபணுக்களை ஒப்பிட்டே ஒரு கிருமி எந்தக் கிளையைச் சேர்ந்தது என்று சொல்லிவிடலாம். பண்ணைக்குப் பண்ணை பரவுவது ஒரே கிளையா, அந்தந்தக் கொட்டகையில் முன்பே இருந்ததா என்பதும் இதில் தெரியும்.

முன்பே இருப்பதுதான் வழக்கம். நலமான பன்றியின் மூக்கிலும் தொண்டையிலும் பாஸ்டுரெல்லா தொல்லையின்றிக் குடியிருக்கும். கொட்டகையில் நெரிசல், சிறுநீரிலிருந்து கிளம்பும் அம்மோனியா, வைரஸ் அல்லது மைக்கோபிளாஸ்மா என்னும் வேறொரு பாக்டீரியாவின் தொற்று என்று ஏதாவது ஒன்று மூச்சுக்குழாயைப் பலவீனப்படுத்தும்போதுதான் அது நுரையீரலுக்குள் இறங்கும்.

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலேயே, ராணிப்பேட்டையில், 1932 முதல் கால்நடைத் தடுப்பு மருந்து நிலையம் இயங்குகிறது. இந்தியாவில் தொண்டை அடைப்பான் ஊசிக்கு நெடுங்காலமாகப் பயன்படுவது பி52 என்ற கிருமி. அது பி வகை. கொல்லப்பட்ட கிருமியைக் கொண்டு செய்யும் ஊசி பெரும்பாலும் தன் வகையைத்தான் தடுக்கும். ஏ வகையால் இருமும் பன்றிக்கு அதை நம்பி இருக்க முடியாது. கண்ணை மூடிக்கொண்டு ஆன்டிபயாட்டிக் போடுவதும் தீர்வல்ல; எதிர்ப்புத் திறன் தரும் மரபணுக்களைக் கிருமிகள் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளும். உணவுக்கான கால்நடைகளுக்குக் கோலிஸ்டின் மருந்தை 2019இல் இந்திய அரசு தடை செய்தது இந்த ஆபத்தால்தான்.

எனவே பன்றி வளர்ப்போருக்கு ஒரு வேண்டுகோள். குட்டிகள் தொடர்ந்து இருமினால் மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். கால்நடை மருத்துவரை அழைத்து, முதல் ஊசிக்கு முன்பே மூக்குச் சளி மாதிரியை எடுக்கச் சொல்லுங்கள். இறந்த பன்றியைப் பிரேதப் பரிசோதனை செய்யாமல் புதைக்காதீர்கள். எந்த வகைக் கிருமி என்று தெரிந்த பிறகு தருவதே மருந்து.