புகைக்கு வழி விடுங்கள்!

அடுப்பு சுவரோரம் இருப்பதுதான் வழக்கம். இப்போது கட்டும் சில வீடுகளில் அது அறையின் நடுவுக்கு வந்துவிட்டது. நடுவில் ஒரு மேடை. மேடைமேல் கேஸ் அடுப்பு. பார்க்க அழகுதான். ஆனால், தாளிக்கும் புகை எங்கே போகும்?

அதற்குத்தான் அடுப்புக்கு மேலே 'சிம்னி' மாட்டுகிறார்கள். அதை வாங்கினால் போதும் என்பது பலருடைய எண்ணம். போதாது! சிம்னி புகையைப் பிடிக்கும். வெளியே கொண்டுபோவது குழாய்தான்.

தாய்மார் பட்ட பாடு

புதுக்கோட்டை மாவட்டத்துக்குப் புகை புதிது அல்ல. முந்திரிச் சுள்ளியும் கருவேல விறகும் எரிந்த அடுப்புகள் இங்கே ஏராளம். ஓட்டு இடுக்கில் பாதிப் புகை கசியும். மீதி, ஊதுகுழலோடு குனிந்திருக்கும் தாயின் நெஞ்சுக்குள் போகும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கைப் பாருங்கள். வீட்டுப் புகையால் 2020-ம் ஆண்டில் உலகில் இறந்தவர்கள் சுமார் 32 லட்சம் பேர். அவர்களில் 2 லட்சத்து 37 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் 5 வயது நிரம்பாத குழந்தைகள்!

பழைய பாடம்

ஐதராபாத் பொறியாளர் எஸ்.பி.ராஜு புகையில்லா மண் அடுப்பு ஒன்றை அமைத்தார். அதன் புகை, குழாய் வழியே கூரைக்கு மேலே போகும். 1953-ல் அதைப்பற்றி நூலும் வெளியிட்டார். பிறகு 1983-ல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில் கோடிக்கணக்கில் புது அடுப்புகள் வந்தன. ஆனால் பல அடுப்புகள் நிலைக்கவில்லை. குழாயில் கரி அடைத்தது, பராமரிப்பு இல்லை.

2016-ல் உஜ்வலா திட்டம் வந்தது. ஏழை வீடுகள் பலவற்றுக்கும் கேஸ் கிடைத்தது. விறகுப் புகை குறைந்தது. எண்ணெய்ப் புகை போகவில்லை.

எப்படி மாட்டுவது?

நடு மேடைக்குச் சுவரின் துணை இல்லை. நாலு பக்கக் காற்றும் புகையைக் கலைக்கும். ஆகவே சிம்னி, அடுப்பைவிட ஒவ்வொரு பக்கமும் சுமார் 3 அங்குலம் அகலமாக இருப்பது நல்லது. அடுப்புக்கு மேல் 2 முதல் 2½ அடி உயரத்தில் தொங்கட்டும். உயரம் கூடினால் புகை தப்பும். குறைந்தால் தீயின் சூடு தாக்கும்.

குழாய் தகரமாக இருக்கட்டும். சிம்னியின் வாய் 6 அங்குலம் என்றால் குழாயும் 6 அங்குலம். குறுக்கினால் இரைச்சல் கூடும்; இழுப்பு குறையும். ஒவ்வொரு வளைவும் காற்றுக்குத் தடை. ஆகவே குட்டையாக, நேராகக் கொண்டுபோக வேண்டும்.

குழாயின் முனையைப் பரணில் விடவே கூடாது! அங்கே எண்ணெய்ப் பிசுக்கு சேரும்; தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. முனை வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். மழை இறங்காமல் மூடி போடுங்கள். தளத்தில் துளை போடுமுன் பொறியாளரைக் கேளுங்கள். கம்பியை வெட்டிவிட்டால் தளமே பலம் இழக்கும்.

சமைக்கும்போது ஒரு ஜன்னலைச் சற்றே திறந்து வையுங்கள். காற்று உள்ளே வந்தால்தானே புகை வெளியே போகும்? வடிகட்டியை மாதம் ஒருமுறை சோப்பு வெந்நீரில் கழுவுங்கள்.

சிம்னி வாங்க வசதி இல்லையா? கவலை வேண்டாம். அடுப்புக்கு அருகே சுவரின் உச்சியில் ஒரு விசிறி, எதிரே ஒரு ஜன்னல். அதுவும் புகைக்கு நல்ல வழியே!