அசைந்து கொடுக்கும் பீங்கான்!

விருத்தாசலம் போகிறவர்கள் பழமலைநாதரைத் தரிசித்துவிட்டு, கையோடு ஒரு பீங்கான் பொம்மையும் வாங்கி வருவதுண்டு. பொம்மை மட்டுமா? நம் வீட்டு ஃப்யூஸ் கட்டைகூட அந்த ஊர்ச் சூளையில் வெந்ததாக இருக்கலாம். மின்சாரம் பக்கத்திலேயே பாய்ந்தாலும் இம்மியும் அசையாமல் இருப்பதுதான் அதன் பெருமை.

மின்சாரம் பட்டதும் நீளுகிற பீங்கானும் உண்டு என்றால் நம்புவீர்களா? அடுக்களைக்குப் போய் காஸ் லைட்டரை ஒரு முறை அழுத்துங்கள். 'சடக்'கென்று பொறி பறக்கிறதல்லவா? உள்ளே ஒரு குட்டிச் சுத்தி பீங்கான் துண்டின் தலையில் அடிக்கிறது. அது மின்சாரத்தைக் கக்குகிறது. சில படிகங்களுக்கு இந்தக் குணம் இருப்பதை 1880-இல் பாரிஸில் கண்டவர்கள் கியூரி சகோதரர்கள். இளையவரான பியேர்தான் பின்னால் மேரி கியூரியை மணந்தவர். மின்சாரம் கொடுத்தால் படிகம் உருமாறும் என்பதையும் மறு வருஷமே காட்டிவிட்டார்கள்.

எவ்வளவு நீளும்? ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு அடுக்கிய வில்லைகள் மிஞ்சிப்போனால் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு நீளும். "பூ, இவ்வளவுதானா!" என்கிறீர்களா? அந்த அற்பத்தையும் நானோமீட்டர் கணக்கில் பிரித்து நகர்த்தலாம் என்பதுதான் விசேஷம். மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு நானோமீட்டர். தலைமயிரின் கனமே ஏறக்குறைய எண்பதாயிரம் நானோமீட்டர்!

நுண்பொருள் செய்கிற ஆராய்ச்சிக் கூடங்களில் இவ்வளவு நுட்பமாக நகர்த்தத் திருகாணி மட்டும் போதாது. கனமான பீரோவைத் தள்ளிப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். முதலில் அசையாது; பிறகு திடீரென்று நாலு விரற்கடை ஓடிவிடும். பீங்கானோ உரசாமல், உடம்பை நீட்டியே நகர்த்துகிறது. ஜூரிச்சில் பின்னிக், ரோரர் இருவரும் 1981-இல் ஊசிமுனையை அணுக்களின் மேல் மேய விட்டது இந்த வித்தையால்தான். 1986-இல் நோபல் பரிசும் கிடைத்தது.

இந்தப் பீங்கானுக்கும் அடம் உண்டு. போன வழியே திரும்பாது. நில் என்ற பிறகும் கொஞ்சம் ஊர்ந்துகொண்டே இருக்கும். ஆகையால் ஓர் உணர்கருவி ஓயாமல் அளந்து, மின்சாரத்தைக் கூட்டியும் குறைத்தும் திருத்துகிறது. துஷ்டப் பிள்ளைக்குத் துணைக்கு ஆள் போட்ட மாதிரி!

செய்முறை மட்டும் விருத்தாசலத்துக்குப் புதிதல்ல. பொடியை அச்சில் அழுத்திச் சூளையில் வேகவைக்க வேண்டும். வேகும்போது எவ்வளவு சுருங்கும் என்று முன்பே கணிக்க வேண்டும். களிமண்ணுக்குப் பதில் ஈயம், ஸிர்க்கோனியம், டைட்டானியம் ஆகியவற்றின் ஆக்ஸைடுகள். வெந்த பிறகு சூடான எண்ணெயில் அமிழ்த்தி, கடும் மின்னழுத்தம் கொடுத்தால்தான் அதற்கு உயிர் வரும். ஈயம் விஷமாயிற்றே என்கிறீர்களா? அந்தக் கவலை விஞ்ஞானிகளுக்கும் உண்டு. ஈயமில்லாத பீங்கானைத் தேடி உலகெங்கும் சூளைகள் எரிந்துகொண்டிருக்கின்றன.